ஏ.ஆர். ஹெட்செட் மாட்டிக்கொண்டு முதுகெலும்பு அறுவை: மருத்துவர் கண்ணுக்கு என்ன தெரிகிறது?

கேள்வி: "அம்மாவுக்கு 62 வயது. இடுப்புப் பக்கம் முதுகெலும்பு நழுவியிருக்கிறது, எல்4-எல்5 என்ற அடுத்தடுத்த இரண்டு எலும்புகளையும் ஸ்க்ரூ போட்டு இணைக்க வேண்டும் என்கிறார்கள். ஒரு மருத்துவமனையில், ஏ.ஆர். ஹெட்செட் மாட்டிக்கொண்டு செய்வோம், எக்ஸ்ரே கண் கிடைத்த மாதிரி உள்ளே இருப்பதெல்லாம் மருத்துவருக்கு அப்படியே தெரியும் என்று சொன்னார்கள். இது உண்மையா? அதற்காகவே அங்கே போகலாமா?"

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. நான் மருத்துவர் இல்லை. ஆபரேஷன் தியேட்டர்களில் நேவிகேஷன் கருவிகளை (அறுவைக் கருவியின் முனை உடம்பில் எங்கே இருக்கிறது என்று காட்டுபவை) பொருத்தி, சரிபார்த்து, அறுவை நடக்கும்போது பக்கத்தில் நிற்கிற பயோமெடிக்கல் எஞ்சினியர். அதனால் அம்மாவுக்கு இந்த அறுவை தேவையா என்ற கேள்விக்குள் நான் போகப்போவதில்லை. கருவியைப் பற்றி மட்டும் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஏ.ஆர். என்பது ஆக்மென்டட் ரியாலிட்டி: கண் முன்னால் இருப்பதன் மேல் கணினிப் படத்தைச் சேர்த்துக் காட்டுவது. ஹெட்செட் உடம்புக்குள் எதையும் பார்ப்பதில்லை. இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே எடுத்த சி.டி. ஸ்கேனிலிருந்து எலும்பின் முப்பரிமாணப் படம் ஒன்றை உருவாக்கி, மேசையில் படுத்திருக்கும் உடம்பின் மேல், அந்த எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் அது காட்டுகிறது. படம் பழையது, உடம்பு இப்போதையது. இரண்டையும் எவ்வளவு துல்லியமாக ஒன்றின் மேல் ஒன்று பொருத்தினார்கள், அந்தப் பொருத்தம் கடைசிவரை நிற்கிறதா என்பதுதான் முழு விஷயமும். பொருத்தம் சரியாக இருந்தால் உண்மையிலேயே அருமையான உதவி. பொருத்தம் நழுவிவிட்டாலும் படம் கலங்காது, மங்காது. அதே தெளிவோடு தப்பான இடத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்.

ஸ்க்ரூ போகும் வழியைத் தெரிந்துகொண்டால் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று புரியும். முதுகெலும்பின் ஒவ்வொரு கட்டையிலும், பின்பக்க வளைவையும் முன்பக்கக் கட்டையையும் இணைக்க இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என இரண்டு எலும்புப் பாலங்கள் உண்டு. பெடிகிள் என்பார்கள். பின்னாலிருந்து நுழையும் ஸ்க்ரூ இந்தப் பாலத்துக்குள்ளேயே போய் முன் கட்டையில் முடிய வேண்டும். பாலத்தின் உள்சுவரைத் தாண்டினால் தண்டுவடமோ நரம்புக் கட்டோ இருக்கிறது. கீழே தாண்டினால் நரம்பு வேர். முன்னால் அதிகமாகப் போய்விட்டால் பெரிய ரத்தக் குழாய்கள். நெஞ்சுப் பகுதியின் நடுவில் இந்தப் பாலத்தின் அகலம் பலருக்கு 4 முதல் 5 மில்லிமீட்டர்தான். இடுப்பில், அம்மாவுக்குச் செய்யப்போகும் இடத்தில், பெரும்பாலானவர்களுக்கு 10 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். அங்கே வழக்கமாகப் போடும் ஸ்க்ரூ 6.5 மில்லிமீட்டர் கனம். அதாவது அம்மாவுக்கு வேண்டியது, இந்த வகை அறுவைகளில் கொஞ்சம் இடம் கொடுக்கிற பகுதி. அனுபவமுள்ள மருத்துவர்கள் இதை எலும்பின் அமைப்பைப் பார்த்தும், கருவியின் முனையில் எலும்பின் உறுதியைக் கையால் உணர்ந்தும், இடையிடையே சி-ஆர்ம் என்ற, மேசைப் பக்கம் நகர்த்திவரும் எக்ஸ்ரேயில் பார்த்தும் பல்லாண்டுகளாகச் செய்துவருகிறார்கள்.

இதற்கு மேல் வந்ததுதான் கணினி நேவிகேஷன். எலும்பில் ஒரு அடையாளக் கருவியைக் கிளாம்ப் போட்டுப் பிடிப்பித்து, அறுவை மேசையிலேயே ஸ்கேன் எடுப்பார்கள். அகச்சிவப்புக் கேமரா ஒன்று அந்த அடையாளக் கருவியையும் மருத்துவர் கையிலுள்ள கருவியையும் தொடர்ந்து கவனிக்கும். கருவியின் முனை ஸ்கேன் படத்தில் எங்கே இருக்கிறது என்று திரையில் தெரியும். இது எவ்வளவு மாற்றத்தைத் தரும் என்பதற்கு நம் பக்கத்திலிருந்தே நல்ல சான்று இருக்கிறது. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனைக் குழு 2007-ல் வெளியிட்ட ஆய்வு அது. முதுகு வளைந்துபோன 33 நோயாளிகளின் நெஞ்சுப் பகுதியில் 478 ஸ்க்ரூக்கள். நேவிகேஷன் இல்லாமல் போட்டவற்றில் 23 விழுக்காடு பெடிகிள் சுவரைத் தாண்டியிருந்தன. நேவிகேஷனோடு போட்டவற்றில் 2 விழுக்காடு. ஒரு ஸ்க்ரூவுக்கு ஆன நேரமும் ஏறக்குறைய பாதியானது. சுவரைத் தாண்டிய ஸ்க்ரூ எல்லாமே நோயாளிக்குக் கெடுதல் செய்துவிடும் என்று அர்த்தமில்லை. மில்லிமீட்டர் கணக்கில் தாண்டியவை பலவும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருந்துவிடும். ஆனாலும் 23-க்கும் 2-க்கும் உள்ள தூரம் பெரியது. கவனியுங்கள், இதில் ஹெட்செட் கிடையாது. இந்தத் துல்லியம் நேவிகேஷன் தந்தது.

சரி, அப்படியானால் ஹெட்செட் எதற்கு? நேவிகேஷன் தீர்க்காமல் விட்ட ஒரு சங்கடத்துக்கு. திரை நிற்பது அறையின் ஒரு பக்கம், கை இருப்பது நோயாளியின் முதுகில். மருத்துவர் தலையைத் திருப்பித் திரையைப் பார்த்துக்கொண்டே கையை நகர்த்துவார். அந்த நேரம் கை என்ன செய்கிறது என்று கண் பார்ப்பதில்லை. கீழே குனிந்து கையைப் பார்த்தால் திரை தெரியாது. அப்புறம், கேமராவுக்கும் கருவிக்கும் நடுவில் யாராவது குறுக்கே வந்து நின்றால் திரையில் கருவி காணாமல் போகும். "கொஞ்சம் தள்ளுங்க, கேமரா மறைக்குது" என்பது நேவிகேஷன் நடக்கிற தியேட்டரில் நாள் முழுக்கக் கேட்கிற வாக்கியம்.

ஹெட்செட்டில் கேமராவும் படமும் மருத்துவர் தலையிலேயே இருக்கின்றன. குனிந்து முதுகைப் பார்த்தால் அங்கேயே எலும்பின் படமும் கருவியின் வழியும் தெரியும். முதுகெலும்புக்கென்றே செய்யப்பட்ட ஆக்மெடிக்ஸ் நிறுவனத்தின் எக்ஸ்விஷன் கருவிக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2019 டிசம்பரில் அனுமதி கொடுத்தது. 2020 ஜூனில் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் அதை வைத்து நோயாளிக்கு முதுகெலும்பு இணைப்பு அறுவை செய்தார்கள். முதல் நோயாளிக்கு ஆறு ஸ்க்ரூக்கள். அதற்கு முன்பே, தானமாகப் பெற்ற 5 உடல்களில் 120 ஸ்க்ரூக்கள் போட்டுச் சோதித்ததில் 95 விழுக்காட்டை ஒட்டித் துல்லியம் கிடைத்திருந்தது. நல்ல நேவிகேஷன் தருகிற அளவுதான் அது. துல்லியத்தில் ஹெட்செட் பெரிதாக முந்தவில்லை, கண்ணைக் கையின் மேலேயே வைத்திருக்கும் வசதியைச் சேர்க்கிறது என்பதுதான் என் கணிப்பு. அந்த வசதி சின்ன விஷயம் இல்லை.

இந்த யோசனை புதிதும் இல்லை. 1992-லேயே வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஒரு குழு, கர்ப்பிணி ஒருவரின் அல்ட்ராசவுண்ட் படத்தை அவர் வயிற்றின் மேலேயே தெரியும்படி ஹெட்செட்டில் காட்டியது. அப்போது அவர்கள் கண்ட ஒரு சிக்கல் இன்றும் நம்மோடு இருக்கிறது: படம் வயிற்றுக்குள் இருப்பது போலத் தெரியாமல், வயிற்றின் மேல் ஒட்டியது போலத் தெரிந்தது. வயிற்றில் ஒரு குழி இருப்பது போலப் பொய்யாக வரைந்து, அதற்குள் படத்தைக் காட்டிய பிறகுதான் ஆழம் கொஞ்சம் பிடிபட்டது.

அது எப்படி இருக்கும் என்று எனக்குப் புரிந்தது ஒரு பயிற்சிப் பொம்மையில். பிளாஸ்டிக் முதுகெலும்பின் மேல் ரப்பர் தோல் போர்த்தியது. மைக்ரோசாஃப்டின் ஹோலோலென்ஸ் 2 ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு குனிந்தேன். தோலுக்கு நடுவில் பச்சை நிறத்தில் எலும்பு பளிச்சென்று வந்து நின்றது. மெய்சிலிர்த்துப் போனேன் என்று மறைக்காமல் சொல்கிறேன். ஒரு நிமிடம் கழித்துத்தான் கண் மற்றதையெல்லாம் கவனித்தது. எலும்பு தோலுக்கு அடியில் இல்லை, தோலுக்கு மேலே மிதந்தது. கையை நீட்டினேன், கை எலும்புக்கு முன்னால் இருக்கிறது, ஆனால் பச்சை நிறம் என் விரல்களின் மேலேயே ஓடியது, கை எலும்புக்குப் பின்னால் போய்விட்டது மாதிரி. கையிலிருந்த ப்ரோபின் (தொட்டுப் பார்க்கும் கூர்க்கம்பி) முனையை உற்றுப் பார்த்தால் எலும்பு லேசாக மங்கியது. எலும்பை உற்றுப் பார்த்தால் முனை மங்கியது.

கடைசியாகச் சொன்னதற்குக் காரணம் எளிமையானது. ஹோலோலென்ஸின் கண்ணாடி, படத்தைச் சுமார் 2 மீட்டர் தூரத்தில் குவித்துக் காட்டும்படி செய்யப்பட்டது. அறையில் மேசை நாற்காலியைப் பார்க்கிற தூரம் அது. அறுவை செய்யும் கை இருப்பதோ அரை மீட்டரில். ஒரே நேரத்தில் இரண்டு தூரத்துக்கும் கண் குவிய முடியாது. அறுவைக்கென்றே வடிவமைத்த கருவிகளுக்கும், பொதுப் பயனுக்காக வந்து அறுவை அறைக்குள் நுழைந்த கருவிகளுக்கும் உள்ள வேறுபாடுகளில் இது ஒன்று. இன்னொன்று வெளிச்சம். இந்த வகைக் கண்ணாடி ஒளியைச் சேர்க்க மட்டுமே முடியும், இருப்பதைக் கறுப்பாக்க முடியாது. சி.டி. படத்தின் கறுப்புப் பகுதி அதில் வெறும் கண்ணாடியாகத் தெரியும். தியேட்டரின் பெரிய விளக்கு நேராக அடித்தால் படம் வெளுத்துப்போகும். மருத்துவர்கள் விளக்கைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் பழகிச் சமாளிக்கக்கூடியவை. பொருத்தம் அப்படி இல்லை.

நோயாளி ஸ்கேனுக்கு மல்லாந்து படுக்கிறார். அறுவைக்குக் குப்புறப் படுக்கிறார். படுக்கும் விதம் மாறும்போது முதுகின் வளைவும் மாறுகிறது. ஒவ்வொரு கட்டையின் வடிவமும் அப்படியே இருக்கும், ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள கோணம் மாறிவிடும். அதனால் போன வாரம் எடுத்த ஸ்கேனை முழு முதுகுக்கும் ஒரேயடியாகப் பொருத்த முடியாது; ஒவ்வொரு கட்டையாகப் பொருத்த வேண்டும். இல்லாவிட்டால் குப்புறப் படுத்த பிறகு, எலும்பில் கிளாம்ப் பிடித்த பிறகு, மேசையிலேயே புது ஸ்கேன் எடுக்க வேண்டும். இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது. ஸ்கேன் ஓடும்போது மருத்துவரும் நர்ஸும் வெளியே நின்றுகொள்ளலாம், சி-ஆர்ம் கதிர்வீச்சு அவர்கள் மேல் படுவது குறையும். நோயாளிக்கு ஒரு சி.டி. அளவு கதிர்வீச்சு சேரும், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தக் கிளாம்ப்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அது ஒரு டிகிரி திரும்பினால், 10 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் எலும்பில் படம் ஏறக்குறைய 1.7 மில்லிமீட்டர் விலகும். இடுப்பில் இது தாங்கும். நெஞ்சு நடுவில், 5 மில்லிமீட்டர் பாலத்துக்குள், தாங்காது. நான் நின்றிருந்த ஓர் அறுவையில் இது நடந்தது. ஹெட்செட் இல்லை, சாதாரணத் திரை நேவிகேஷன். இரண்டு ஸ்க்ரூ போட்டாயிற்று. தசையை விலக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டரை இடம் மாற்றினார்கள். மூன்றாவதைத் தொடங்கும் முன், மருத்துவர் தன் வழக்கப்படி ப்ரோபின் முனையை, திறந்து தெரிந்த ஓர் எலும்பு முனையில் தொட்டு நிறுத்தினார். திரையில் அந்த முனை எலும்பை விட்டு வெளியே, காற்றில் நின்றது. கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர். யாருடைய முழங்கையோ கிளாம்ப்பில் பட்டிருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. கருவி எச்சரிக்கவும் இல்லை, ஏனென்றால் கருவியைப் பொறுத்தவரை எல்லாம் சரியாகவே இருந்தது. மறுபடி ஸ்கேன் எடுத்தோம், கால் மணி நேரம் போயிற்று, நோயாளி நலமாக வீட்டுக்குப் போனார். அந்த ஒரு தொடுதல் இல்லாவிட்டால் மூன்றாவது ஸ்க்ரூ எங்கே போயிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன்.

ஹெட்செட்டில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல் என்று நினைக்கிறேன். காரணம் மனித மனம். ஓரமாக நிற்கும் திரையில் தெரிவதை "இது படம்" என்று மனம் தனியாக வைக்கிறது. எலும்பின் மேலேயே தெரிவதை எலும்பு என்றே எடுத்துக்கொள்கிறது. கவனமும் சுருங்குகிறது. 2013-ல் ஒரு பிரபலமான ஆய்வில், நுரையீரல் சி.டி. படங்களில் கட்டி தேடச் சொல்லிவிட்டு, ஒரு படத்தில் கொரில்லா உருவத்தை வைத்தார்கள். 24 ரேடியாலஜிஸ்டுகளில் 20 பேர் அதைப் பார்க்கவில்லை. அதே ஆண்டு, எண்டோஸ்கோப்பி படத்தின் மேல் ஏ.ஆர். கோடுகளைச் சேர்த்துச் செய்த ஆய்வில், கோடுகளைப் பார்த்த மருத்துவர்கள் குறியைத் துல்லியமாக அடைந்தார்கள். ஆனால் பக்கத்திலேயே இருந்த எதிர்பாராத பொருளையும் ஆபத்தையும் கவனிக்கத் தவறியவர்கள் அவர்களிடையேதான் அதிகம். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் வழியைக் குறித்ததும் படத்தை அணைத்துவிட்டு, வெறும் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடர்கிறார்கள். படத்தை எப்போது அணைக்க வேண்டும் என்று தெரிந்தவரிடம்தான் இந்தக் கருவி இருக்க வேண்டும்.

முதுகெலும்பில் இவ்வளவாவது முடிவதற்குக் காரணம் எலும்பு வடிவம் மாறாது என்பதுதான். கல்லீரல் மூச்சோடு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மேலும் கீழும் போய்வரும். மூளையை மூடிய உறையைத் திறந்ததும் மூளை சற்றே அமிழ்ந்துவிடும். அங்கெல்லாம் பழைய படத்தை ஒட்டுவது பலன் தராது, அல்ட்ராசவுண்ட் போல அந்த நொடியில் எடுக்கும் படத்தை ஹெட்செட்டுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. அந்த வழியில் வந்த மீடியாவியூவின் எக்ஸ்.ஆர்.90 கருவிக்கு 2023-ல் எஃப்.டி.ஏ. அனுமதி கிடைத்தது. 1992-ல் வட கரோலினாவில் தொடங்கியதன் தொடர்ச்சி என்றே அதைப் பார்க்கிறேன்.

இப்போது உங்கள் மருத்துவமனைக்கு வருவோம். "ஏ.ஆர். ஹெட்செட் வைத்துச் செய்வோம்" என்றால் அது மூன்றில் எதுவாகவும் இருக்கலாம், அவர்களிடம் கேட்டால்தான் தெரியும். ஒன்று, திரைக்குப் பதிலாக ஹெட்செட். சென்னை ஜெம் மருத்துவமனையில் 2024-ல் ஆப்பிள் விஷன் ப்ரோ அணிந்து லேப்ராஸ்கோப்பி செய்தது இந்த வகை: எண்டோஸ்கோப்பி கேமராவின் படமும் ஸ்கேனும் கண்முன் பெரிய திரைகளாக மிதக்கும். கழுத்தைத் திருப்ப வேண்டாம், நல்ல வசதி. ஆனால் எதுவும் உடம்போடு பொருத்தப்படவில்லை. இரண்டாவது, அறுவைக்கு முன் திட்டமிடவும் உங்களுக்கு விளக்கவும் மட்டும் பயன்படுத்துவது. மூன்றாவதுதான் நான் இவ்வளவு நேரம் சொன்னது, எலும்போடு பொருத்திய நேவிகேஷன். விளம்பரத் தாளில் மூன்றுக்கும் ஒரே படத்தைத்தான் போடுவார்கள்.

எந்தக் கருவி என்றும் கேளுங்கள். ஹோலோலென்ஸ் 2-இன் தயாரிப்பை மைக்ரோசாஃப்ட் 2024-ல் நிறுத்திவிட்டது. அதற்காக அது மறுநாளே பழுதாகிவிடாது, பல மருத்துவமனைகளில் இன்னும் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் உதிரிக் கருவி இருக்கிறதா, ஹெட்செட் நடுவில் நின்றுபோனால் அதே அறுவையைத் திரை நேவிகேஷனிலோ சி-ஆர்மிலோ முடிக்கத் தயாராக இருக்கிறார்களா என்று கேட்பதில் தவறில்லை. 566 கிராம் ஹெட்செட்டைத் தலையில் தாங்கிக்கொண்டு மணிக்கணக்கில் குனிந்து நிற்பவர் மருத்துவர். இந்தக் கேள்விகளை நல்ல மருத்துவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

"அங்கேயே போகலாமா" என்பதற்கு என் பதில்: ஹெட்செட்டுக்காக மட்டும் மருத்துவமனையை மாற்ற வேண்டாம். அம்மாவின் எல்4-எல்5 இணைப்பை, ஹெட்செட் தொடாத, ஆனால் ஆண்டுக்கு நிறையச் செய்கிற ஒரு மருத்துவர் நன்றாகவே செய்துவிடுவார். அம்மாவுக்கு முதுகு அதிகமாக வளைந்திருந்தாலோ, ஏற்கெனவே அங்கே அறுவை நடந்து எலும்பின் அடையாளங்கள் சிதைந்திருந்தாலோ, அப்போது நேவிகேஷன் உள்ள இடத்தைத் தேடுவதில் அர்த்தம் இருக்கிறது. ஹெட்செட்டும் இருந்தால் நல்லதுதான்.

எங்கே செய்தாலும் இரண்டு கேள்விகளை மட்டும் கேட்காமல் விடாதீர்கள். ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் முன்னால் தெரிந்த எலும்பைத் தொட்டுப் பொருத்தத்தைச் சரிபார்ப்பீர்களா? ஸ்க்ரூ எல்லாம் போட்ட பிறகு, காயத்தைத் தைக்கும் முன்னால், மேசையிலேயே ஒரு படம் எடுத்துப் பார்ப்பீர்களா? தப்பான வழியில் போன ஸ்க்ரூவை அப்போதே கழற்றி மாற்றச் சில நிமிடங்கள் போதும். அதே ஸ்க்ரூவை மறுநாள் சி.டி.யில் கண்டுபிடித்தால் அம்மா இன்னொரு முறை தியேட்டருக்குப் போக வேண்டியிருக்கும்.